விமானக் கண்ணாடிப் பேனா

மண்டி மொஹல்லா, மைசூர்
10-1-1955

அன்புள்ள ரோசலினுக்கு,

மேலே சேசு மரி சூசை எழுதாமல் ஆரம்பித்துவிட்டேன். எழுதியதாக வைத்துக்கொள். உன் அப்பா பக்கத்து அறையில் இருமுவதற்குள் முடித்தாக வேண்டும். இருமினால் என்னைக் கூப்பிடுகிறார் என்று அர்த்தம்.

நீ கிறிஸ்துமஸ் முடிந்து கொள்ளேகால் பஸ் ஏறியதிலிருந்து இந்த வீட்டில் பேச்சு மூன்று சொல்லுக்குள் அடங்கிவிட்டது. சாப்பாடு, உளி, பேடா. தமிழில் வேண்டாம் என்று சொன்னாலாவது வாய் கொஞ்ச நேரம் திறந்திருக்கும். மாமா கன்னடத்தில் பேடா என்று சொல்லிக் கதவைச் சாத்திவிடுகிறார். பட்டறைக்கு ஒரு ஜன்னல் வைக்கட்டுமா மாமா? பேடா. கௌதள்ளிக்குப் போய் என் அண்ணனை ஒரு நடை பார்த்துவிட்டு வரட்டுமா? பேடா. கல்யாணமாகி இந்த இரண்டு வருஷத்தில் இனிப்புக் கடைப் பேடாகூட நான் இத்தனை தின்றதில்லை.

வீட்டோடு மாப்பிள்ளை என்றால் ஊரில் சிரிப்பார்கள், தெரிந்ததுதான். பெண்டாட்டி இல்லாத வீட்டில் வீட்டோடு மாப்பிள்ளையாக இருப்பவனைப் பார்த்தால் சிரிக்கக்கூடத் தோன்றாது போலிருக்கிறது. பக்கத்துக் கடையில் மர பீரோவுக்குப் பாலீஷ் போடும் குப்புசாமி நேற்று என்னிடம், "ஏன் மாப்ளே, பொண்ணு வேலைக்குப் போயிட்டா, நீதான் பொறந்த வூட்ல குந்தியிருக்கே?" என்றார். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய?

நல்ல செய்தி ஒன்று உண்டு. கன்னியர் மடத்துப் பள்ளிக்கு ஜூபிலி வருகிறதாம். விருந்தாளிகளுக்குக் கொடுக்க நூறு பேனா வேண்டுமென்று மதர் நம்மிடம் சொல்லியிருக்கிறார். எல்லாம் ஊடுதெரியும் பேனா, உள்ளே மை ஆடுவது வெளியே தெரிய வேண்டும். யுத்தம் முடிந்து பெங்களூரில் ஏலம் விட்ட சாமானில் உன் அப்பா விமானக் கண்ணாடி வாங்கி மூலையில் போட்டிருந்தாரே, விமானியின் தலைக்கு மேல் கூண்டு மாதிரி இருப்பது, அதற்கு இப்போதுதான் விடிவு. பெயர்தான் கண்ணாடி, உண்மையில் அது ஒரு பிளாஸ்டிக். அதைச் சதுரக் குச்சிகளாக அறுத்து, கடைசல் பட்டறையில் மாட்டி உருட்டுகிறேன். உளியைக் கொஞ்சம் அழுத்தினால் சூட்டில் இளகிவிடுகிறது. சோப்புத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே கடைய வேண்டும். சீவல் நூல் நூலாக வந்து முழங்கை வரை சுற்றிக்கொள்கிறது.

இனிமேல்தான் விஷயம். மாமா சொன்னார்: "ஜூபிலிப் பேனா முடிச்சுக் குடுத்துட்டு நீ கொள்ளேகாலுக்குப் போ. பெண்டாட்டியோட இரு." காதில் சரியாகத்தான் விழுந்ததா என்று மறுபடி கேட்டேன். பேடா சொல்லவில்லை!

நீ வீடு பார். ஒரே அறை போதும். ஒரு பக்கம் பட்டறை, ஒரு பக்கம் நாம்.

இருமுகிறார்.

பிரகாசம்


கொள்ளேகால்
18-1-1955

என் வீட்டுக்காரருக்கு,

வீடில்லாத வீட்டுக்காரர் என்று அஞ்சலையக்கா உங்களைக் கேலி செய்கிறாள். நான் குடியிருக்கும் வீட்டுச் சொந்தக்காரி, பட்டு நெய்கிறவள், வாய் சும்மா இருக்காது. உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டச் சொன்னாள். பேடா வரைக்கும் படித்துக் காட்டினேன். பாவுக்கு நடுவில் உட்கார்ந்து அப்படிச் சிரித்தாள்.

அப்பா போகச் சொன்னாரா! எனக்கு நம்பிக்கை வரவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர் ஒன்றைக் கொடுத்தால் அதில் ஒரு முடிச்சு இருக்கும். பேனாவை ஒழுங்காக முடியுங்கள், பிறகு பார்ப்போம்.

வீடு விஷயம் அவசரப்பட்டு ஆகிற காரியமா? ஆஸ்பத்திரிக்குப் பக்கமாக வேண்டும், கிணறு வேண்டும். இங்கே எல்லாம் மதராஸ் ராஜ்யத்து வாடகை. கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

நீங்கள் கடைந்து கொடுத்த கருப்பு எபோனைட் ரப்பர் பேனா நன்றாக எழுதுகிறது. வார்டில் அதைத் தொடாத கை இல்லை. அதனால் தெர்மாமீட்டரைத் துடைக்கிற மாதிரி அதையும் தினம் ஸ்பிரிட்டில் துடைத்துத்தான் சட்டைப் பையில் வைக்கிறேன். பளபளப்பு இன்னும் கூடியிருக்கிறது. டாக்டரம்மா எங்கே வாங்கினாய் என்று கேட்டார். என் புருஷன் செய்தது என்றேன். எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

மெழுகுவர்த்தித் திருநாளுக்கு இரண்டு நாள் லீவு கிடைக்கும். வருகிறேன். நீங்கள் கடைந்து வையுங்கள், நான் துடைத்து அடுக்கித் தருகிறேன். வேலை சீக்கிரம் முடியட்டும்.

ரோசலின்


மண்டி மொஹல்லா
20-2-1955

ரோசலின்,

எல்லாம் போய்விட்டது.

நீ வந்திருந்த அன்று இந்தப் பேனாக்களைப் பார்த்தாயே, எப்படி இருந்தன? ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த ஸ்பிரிட் பாட்டிலும் பஞ்சுமாக நீ பாயில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் துடைத்தாய். என் கைரேகை ஒன்றுகூட மிச்சமில்லாமல் எடுத்தாய். உன் அப்பா எதிர் நாற்காலியில் காப்பியை வைத்துக்கொண்டு உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பேடாகூடச் சொல்லவில்லை. அன்று ஒரு நாள் இது வீடு மாதிரி இருந்தது. நீ என் பக்கம் திரும்பி, "இதுங்களை வெச்சுக்கிட்டே உங்களை மீட்டுடலாம்" என்றாய். அதை வைத்துக்கொண்டுதான் இரண்டு வாரம் ஓட்டினேன்.

நிப்பும் கிளிப்பும் மாட்ட எடுத்தால் மூடி திருகும் இடத்தில் தலைமுடி விழுந்த மாதிரி ஒரு கோடு. முடி என்றே நினைத்து ஊதினேன், போகவில்லை. அடுத்ததில் இரண்டு கோடு. பெட்டியைத் தரையில் கவிழ்த்துவிட்டேன். ஏறக்குறைய எல்லாவற்றிலும் விரிசல். மை ஊற்றிப் பார்த்தேன், மரை வழியாகக் கசிந்து விரல் நீலமாகிவிட்டது.

எங்கே தப்புச் செய்தேன் என்று தெரியவில்லை. அழுத்திக் கடைந்துவிட்டேனா, மரை வெட்டும் சீப்பு மழுங்கியிருந்ததா? உட்கார்ந்து உட்கார்ந்து யோசித்தேன். கையே பிடிக்கவில்லை, என் கை மேலேயே எனக்கு வெறுப்பு.

உன் அப்பா திட்டுவார் என்று நின்றேன். அவர் ஒரு பேனாவை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார், கீழே வைத்தார். "சரி, மறுபடி செய். மதர்கிட்ட நான் சொல்லிக்கறேன்" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஜூபிலி அன்று சும்மா கூட்டம் நடத்திவிட்டு, பேனாவைப் பள்ளிக்கூடம் திறந்ததும் கொடுத்துக்கொள்கிறோம் என்று மதர் ஒத்துக்கொண்டாராம். ஆகவே நான் இன்னும் இங்கேதான். விமானக் கண்ணாடி இன்னும் மூலை நிறைய இருக்கிறது. அதைப் பார்த்தாலே மூச்சு முட்டுகிறது. விமானத்தில் உட்கார்ந்தவனாவது அந்தக் கூண்டோடு எங்காவது பறந்தான்.

பிரகாசம்


கொள்ளேகால்
1-3-1955

அன்புள்ளவருக்கு,

மனசை விடாதீர்கள். உங்கள் கை மேல் எந்தக் குறையும் இருக்காது. அது ஏலத்தில் வந்த பழைய சரக்கு, வெயிலில் கிடந்திருக்கும். கை கெட்டுப்போகவில்லை, சரக்குதான் கெட்டது.

மறுபடி நிதானமாகச் செய்யுங்கள். ஒன்றும் ஓடிப்போய்விடாது. நானும் இங்கே ஓடிப்போகவில்லை.

வீடு இன்னும் அமையவில்லை.

வார்டில் அம்மை வார்த்தவர்கள் நிறைய. அதிகம் எழுத நேரமில்லை.

ரோசலின்


மண்டி மொஹல்லா
9-3-1955

ரோசலினுக்கு,

இந்தத் தடவை மேலே சேசு மரி சூசை எழுதிவிட்டு அழித்தேன். கோபத்தில் எழுதுகிற கடிதத்துக்கு அவர்கள் எதற்கு?

நேற்று ஒரு விரிசல் விட்ட பேனாவைக் குப்புசாமியிடம் காட்டினேன். பாலீஷ்காரர் ஆயிற்றே, ஏதாவது பூசி அடைக்க முடியுமா என்று கேட்கப்போனேன். கையில் வாங்கினதும் கேட்டார்: "ஸ்பிரிட் பட்டுச்சா?" அவர் சொன்னது இது. நான் இங்கே வருவதற்கு முன்னால் மாமா இதே விமானக் கண்ணாடியில் பேனா வைக்க ஒரு பெட்டி செய்து கடை வாசலில் வைத்திருந்தாராம். தூசியாக இருக்கிறதே என்று குப்புசாமி தன் பாலீஷ் ஸ்பிரிட்டைத் தொட்டு ஒரு நாள் துடைத்துவிட்டாராம். ஒரு வாரத்தில் பெட்டி பூராவும் விரிசல். "உங்க மாமனார் தெருவுல நின்னு என்னைக் கிழிகிழின்னு கிழிச்சாரு. இந்தச் சாமானுக்கு ஸ்பிரிட்டே விஷம்னு அன்னிக்குத்தான் எனக்குத் தெரியும்" என்றார்.

ஸ்பிரிட் பாட்டிலோடு உட்கார்ந்தது யார்?

தெரியாமல் செய்தாய் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படியே நினைத்துக்கொண்டு இருந்திருப்பேன். ஆனால் இன்று காலை உன் அஞ்சலையக்கா ஜரிகை வாங்க மைசூர் வந்தவள், நீ கொடுத்தனுப்பிய இருமல் மருந்தைக் கொடுக்க இங்கே வந்தாள். தின்பண்டம்கூடக் கொண்டுவந்தாள், நல்ல மனுஷி. "என்னங்க தம்பி, எப்பத்தான் வருவீங்க? பொங்கலப்பவே பின்கட்டு ரூம உங்களுக்குன்னு காலி பண்ணி வெச்சுட்டனே. நர்ஸம்மாதான் இப்ப வேண்டாமுங்குது" என்றாள்.

பொங்கலுக்கே! நான் இங்கே சோப்புத் தண்ணீரில் கை ஊறிப்போய் நாளை எண்ணிக்கொண்டு, நீ வீடு பார்ப்பாய் என்று காத்திருந்தேன். வீடு அமையவில்லை என்று எழுதினாயே, அதை எழுதும்போது என் பேனாதானே உன் கையில் இருந்தது?

நான் வரக் கூடாது என்றால் வராதே என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். நூறு பேனாவை நாசம் செய்திருக்க வேண்டாம்.

பிரகாசம்


கொள்ளேகால்
14-3-1955

உங்களுக்கு,

கோபத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு பாதிக்கு நான் பொறுப்பு, மறு பாதிக்கு இல்லை.

ஸ்பிரிட் விஷயம் எனக்குத் தெரியாது. கருப்புப் பேனாவைத் தினமும் துடைக்கிறேன் என்று நானே உங்களுக்கு எழுதினேனே, அதற்கு ஒன்றும் ஆகவில்லையே! அது வேறு சாமான், இது வேறு சாமான் என்று எனக்கு யார் சொன்னார்கள்? நர்ஸுக்கு எதையும் சுத்தம் செய் என்றால் கை தானாக ஸ்பிரிட் பாட்டிலுக்குப் போகும். உங்களை மீட்க வேண்டும் என்றுதான் துடைத்தேன். இதை நம்பாவிட்டால் மேலே படிக்க வேண்டாம்.

வீடு விஷயம் நிஜம். அந்த அறை பொங்கலிலிருந்து காலியாக இருக்கிறது.

எனக்குப் பத்து வயதில் அம்மா போனாள். அதே வருஷம் அப்பாவின் முழங்கால் போயிற்று. பட்டறையை மிதிக்கக் கால் வேண்டும், உளி பிடிக்க அவர் இருக்கிறார், கால் யார்? நான்தான். ஓரமாக நின்று மிதிகட்டையை நான் மிதிப்பேன், அவர் கடைவார். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் மிதித்தேன், வந்து மிதித்தேன். நர்ஸ் படிப்புக்குப் போனபோதும் காலையும் சாயங்காலமும் மிதித்தேன். கொள்ளேகாலில் வேலை கிடைத்தது என்று சொன்னபோது முதலில் பேடா, பிறகு அவர் சொன்னது, "பட்டறைக்கு ஒரு ஆளை வெச்சுட்டு எங்க வேணா போ." அந்த மாசமே உங்கள் ஜாதகம் இல்லாத ஜாதகம் பார்த்து, மிஷன் தொழிற்பள்ளியில் கடைசல் படித்தவர் என்று கேட்டு, மாதா கோவிலில் மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்துக் கல்யாணம் நடந்தது. உங்களுக்கும் இது தெரியும். இருவரும் பேசாமல் இருந்தோம், அவ்வளவுதான்.

இங்கே எனக்கு ஒரு அறை, அதற்கு ஒரு சாவி. வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால் உள்ளே யாரும் இருமமாட்டார்கள். நீங்கள் முதல் கடிதத்திலேயே ஒரு பக்கம் பட்டறை, ஒரு பக்கம் நாம் என்று எழுதினீர்கள். அதைப் படித்ததும் அந்த இளகின பிளாஸ்டிக் வாடை என் மூக்கில் வந்துவிட்டது. பயந்தேன். உங்களைக் கண்டு இல்லை, அந்த மிதிகட்டையைக் கண்டு பயந்தேன். பேனாக்கள் வெடித்துவிட்டன என்று நீங்கள் எழுதியபோது உங்களுக்காக அழுதேன். அழுது முடித்த பிறகு நிம்மதியாகவும் இருந்தது. அது என்ன மனசு என்று எனக்கே புரியவில்லை. உங்களிடம் மறைக்க விருப்பமில்லாததால் எழுதுகிறேன்.

இன்னொன்று. உங்கள் கடிதத்தை நீங்களே ஒரு தடவை படித்திருந்தால் என்னைத் திட்டுவதற்கு முன் நின்றிருப்பீர்கள். குப்புசாமியோடு தெருவில் சண்டை போட்டது யார்? ஸ்பிரிட் இதற்கு விஷம் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? நான் துடைத்த நாளன்று எனக்கு எதிரில் காப்பியோடு உட்கார்ந்திருந்தது யார்?

அப்பாவுக்குத் தெரியும். முழுவதும் பார்த்துக்கொண்டே இருந்தார். வாயைத் திறந்து பேடா என்று ஒரு சொல் சொல்லவில்லை, ஆயுசில் அந்த ஒரு நாள்!

ரோசலின்


மண்டி மொஹல்லா
25-3-1955

ரோசலின்,

கேட்டுவிட்டேன். கேட்காமலே இருந்திருக்கலாம்.

உன் கடிதம் வந்ததும் நேரே போய் அவர் நாற்காலிக்கு முன் நின்றேன். "மாமா, அவ தொடைக்கறப்போ உங்களுக்குத் தெரியுமா?" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. இரண்டு வருஷத்தில் நான் அவரைக் கேட்ட முதல் கேள்வி அது, மற்றதெல்லாம் அனுமதிதானே.

அவர் மழுப்பவில்லை. "தெரியும். வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லலே" என்றார்.

"ஏன் சொல்லலே? உங்க கையால வாங்கின ஆர்டர். மதர்கிட்ட உங்க பேருதான் கெட்டுச்சு."

"பேரை வெச்சுக்கிட்டு என்ன பண்றது? நீ இங்க இருக்கறதாலேதான் அவ கிறிஸ்துமஸுக்கு வர்றா, திருநாளுக்கு வர்றா. நீயும் அங்க போயிட்டா, அவ எதுக்கு வருவா? என் மூஞ்சியப் பாக்கவா?"

வருவாள் மாமா என்று சொல்ல வாய் வரவில்லை. நீ எழுதியதை அப்போதுதான் படித்திருந்தேன். அவரே சொன்னார்: "சும்னே நிக்காதே. போறதானா ஹோகு. நான் தடுக்கலே." பேடாவுக்குப் பதில் ஹோகு. ஒரு சின்னச் சொல்லில் கதவைத் திறந்துவிட்டார்.

பெட்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். கொள்ளேகால், கொள்ளேகால் என்று கண்டக்டர் கூவினான். ஏறு என்றால் கால் ஏறவில்லை. என்னைப் பிடித்து வைத்திருந்தவரே விட்ட பிறகு யார் பிடித்திருக்கிறார்கள்? பஸ் போயிற்று. டீ குடித்தேன். திரும்பி நடந்தேன்.

பட்டறையில் சத்தம் கேட்டது. அவர் உட்கார்ந்து, கைத்தடியால் மிதிகட்டையை அழுத்திக்கொண்டிருந்தார். பட்டறை அரைச் சுற்று சுற்றி நின்றது. மறுபடி அழுத்தினார். அரைச் சுற்று, நின்றது. உளி இன்னொரு கையில். நான் வந்ததைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார்.

பெட்டியை வைத்துவிட்டு மிதிக்க உட்கார்ந்துவிட்டேன். இப்போது வெளியே போகக் கூடாது என்று சொல்ல யாரும் இல்லை. அதுதான் கொடுமை. கதவு திறந்திருக்கிறது, நான் உள்ளே இருக்கிறேன். கொஞ்ச நாள் முன்னால் வரை வெறுக்க ஒரு ஆள் இருந்தார், அது எவ்வளவு வசதி என்று இப்போது தெரிகிறது.

உன் அறை உன்னிடமே இருக்கட்டும். நான் கேட்கமாட்டேன். உன் மேல் இருந்த கோபமும் போய்விட்டது, எங்கே போயிற்றோ.

பிரகாசம்


கொள்ளேகால்
30-3-1955

உங்களுக்கு,

சனிக்கிழமை மத்தியான பஸ்ஸில் வருகிறேன். அதே பஸ் மூன்று மணிக்குக் கொள்ளேகால் திரும்பும். நான் இறங்கியதும் நீங்கள் ஏற வேண்டும். டிக்கெட் வாங்கிக் கையில் தருவேன். பஸ் ஸ்டாண்டில் என்னோடு வாதம் செய்ய வேண்டாம், நாலு பேர் பார்ப்பார்கள்.

ஒரு மாச லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். சாவி அஞ்சலையக்காவிடம் இருக்கிறது. பின்கட்டு அறை இல்லை, என் அறைச் சாவி.

நம் இரண்டு பேரில் யாராவது ஒருவர் எப்போதும் மிதித்துக்கொண்டே இருக்கிறோம். உங்கள் முறை முடிந்தது.

ரோசலின்


கொள்ளேகால்
12-4-1955

அன்புள்ள ரோசலினுக்கு,

பஸ் ஸ்டாண்டில் நீ என் கையில் டிக்கெட்டைத் திணித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாய். நான் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். உன் நடை அந்தத் தெருவுக்குள் போகப் போகச் சின்னப் பெண் நடை மாதிரி ஆகிவிட்டது. அது என் கண்ணை விட்டுப் போகவில்லை.

பாஸ்குத் திருநாள் இங்கே ஆயிற்று. அஞ்சலையக்கா சமைத்துப் போட்டாள். உன் டாக்டரம்மா என்னைப் பார்த்து, "நீங்கதானா அந்தப் பேனாக்காரர்?" என்றார். வெட்கமாக இருந்தது.

உன் அறை எனக்குப் பெரிதாக இருக்கிறது. எழுந்திருக்க யாரும் சொல்வதில்லை, இருந்தும் விடிந்ததும் எழுந்துவிடுகிறேன். உட்கார்ந்தால் வலது கால் தானாக மேலும் கீழும் போகிறது. மேஜைக்கடியில் மிதிகட்டை இருக்கிறது என்று அதற்கு நினைப்பு. அஞ்சலையக்கா பார்த்துச் சிரிக்கிறாள், அவளும் தறியில் மிதிக்கிறவள்தான். சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போகிறேன், பூட்டுகிறேன், ஆற்றுப் பக்கம் நடக்கிறேன், திரும்புகிறேன். எங்கே போனாய் என்று கேட்பார் இல்லை. இதற்காகத்தானே இரண்டு வருஷம் ஏங்கினேன்? நீ இல்லாமல் இது ஒரு பெரிய ஜெயில் மாதிரித்தான் இருக்கிறது, காற்றோட்டமான ஜெயில்.

நீ அங்கே என்ன செய்கிறாய்? பேசுகிறாரா? ஒரு வரி எழுது. உன் லீவு முடிந்ததும் நான் திரும்பிவிடுகிறேன். உன்னை அங்கே வைத்துவிட்டு இங்கே என்னால் இருக்க முடியாது.

உன்னுடைய,
பிரகாசம்


மண்டி மொஹல்லா, மைசூர்
28-4-1955

அன்புள்ளவருக்கு,

ஒரு வரி போதாது. அதனால்தான் தாமதம்.

வந்த அன்று அப்பா என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் பார்த்தார். நீங்கள் வரவில்லை என்று தெரிந்ததும் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். ஒரு வாரம் நான் கஞ்சி வைத்தேன், முழங்காலுக்குத் தைலம் தேய்த்தேன். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, போதும் என்றும் சொல்லவில்லை.

பிறகு ஒரு காலை, நான் கூட்டிக்கொண்டிருந்தபோது, "மிதி" என்றார்.

போய் நின்றேன். அதே ஓரம், அதே இடம். தரையில் என் கால் தேய்த்த பள்ளம்கூட இருக்கிறது, இப்போது பாதம் அதில் அடங்கவில்லை. மிதித்தேன். அவர் உளியை வைத்தார். அந்த வாடை வந்தது. ஆனாலும் மிதித்தேன். நீங்கள் விட்டுப்போன மிச்சப் பேனாக்களை இப்படித்தான் இருவரும் முடித்தோம், நான் கால், அவர் கை. அவர் கை நடுங்கவே இல்லை, தெரியுமா? மரை வெட்டும்போது மூச்சைப் பிடித்துக்கொள்கிறார், சின்ன வயதில் பார்த்த அதே மாதிரி. எனக்கு அவர் மேல் கோபம் தீரவில்லை. அவரை அப்படிப் பார்க்கையில் கோபத்தோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது, அதுதான் சங்கடம்.

நேற்று நூறும் முடிந்தது. நான் பாயை விரித்து எல்லாவற்றையும் அடுக்கினேன். எல்லாவற்றிலும் கைரேகை. என் கைரேகை, அவருடையது. அவர் காப்பியோடு எதிரில் உட்கார்ந்தார்.

நான் பையிலிருந்து ஸ்பிரிட் பாட்டிலை எடுத்தேன்.

வேண்டுமென்றேதான் எடுத்தேன். அவரைப் பார்க்கவில்லை. மூடியைத் திறந்தேன், பஞ்சை நனைத்தேன். வாடை அறை முழுக்க ஏறியது, அவருக்கும் எட்டியிருக்கும். ஒரு பேனாவைக் கையில் எடுத்தேன். அவர் பேசாமல் இருந்தால் நான் துடைத்துவிடுவதாகத்தான் இருந்தேன். ஒன்று விடாமல் துடைத்து, வெடிக்கவிட்டு, உங்களுக்குத் தந்தி அடித்து, மூன்று பேருமாக இந்த வீட்டிலேயே கிடந்து மக்கிப்போவோம் என்று ஒரு வெறி. பேனாவைப் பஞ்சுக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொண்டுபோனேன். காப்பி டம்ளர் தட்டில் படபடவென்று அடித்த சத்தம் கேட்டது.

"பேடம்மா" என்றார்.

அப்போதும் நான் நிமிரவில்லை.

"பேடா ரோசு. வெடிச்சுடும்."

அந்தச் சொல்லை ஆயுசெல்லாம் கேட்டிருக்கிறேன். நர்ஸ் படிக்கட்டுமா என்றபோது கேட்டேன், வேலைக்குப் போகட்டுமா என்றபோது கேட்டேன். இந்த ஒரு தடவைதான் அது நம்மைப் போகச் சொன்னது. பஞ்சைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவர் எழுந்து வந்து, முழங்கால் மடங்காமல் எப்படியோ குனிந்து, பாட்டிலை எடுத்து மூடியைத் திருகி ஜன்னல் இல்லாத அந்தச் சுவரோரம் வைத்தார். பிறகு தன் வேட்டி நுனியால் ஒவ்வொரு பேனாவாகத் துடைக்க ஆரம்பித்தார். நானும் துடைத்தேன்.

இன்று மதர் ஆள் அனுப்பி வாங்கிக்கொண்டார். பட்டறை காலியாக இருக்கிறது. குப்புசாமியின் மைத்துனன் நாளையிலிருந்து மிதிக்க வருகிறானாம், கூலிக்கு. அதை அப்பாவே போய்க் கேட்டிருக்கிறார். இத்தனை வருஷமாகப் பக்கத்துக் கடையில் ஒரு கால் இருந்திருக்கிறது!

சாயங்காலம் அவரிடம் சொன்னேன்: "அப்பா, இனிமே அவர் இங்க இருந்தாலும் இல்லாட்டியும் நான் வருவேன்." நம்பிச் சொன்னேனா, பரிதாபத்தில் சொன்னேனா, தெரியவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார். "பாக்கலாம்" என்றார்.

நீங்கள் திரும்பி வர வேண்டாம். சனிக்கிழமை பஸ்ஸில் நான் வருகிறேன். அஞ்சலையக்காவிடம் பின்கட்டு அறையைக் கேட்டு வையுங்கள், பட்டறை அங்கே இருக்கட்டும், முன் அறையில் நாம். மிதிக்க என்னை மட்டும் கூப்பிடாதீர்கள், அது போதும்.

அடுத்த மாசம் கடைசி ஞாயிறு நாம் இரண்டு பேரும் மைசூர் வர வேண்டும். அம்மை வார்த்தாலும் ஆறு பெருகினாலும் வர வேண்டும். அந்த ஒரு ஞாயிறு வராமல் போனால், அப்பா அன்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது சரி என்று ஆகிவிடும்.

ரோசலின்